இரண்டு வீட்டுக் கரண்ட்

எந்த விழாவிலாவது யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கிளம்பும். உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒயரைப் பார்ப்பார்கள், பின்னைப் பிடுங்கி வாயால் ஊதிவிட்டு மறுபடி சொருகுவார்கள். நான் மட்டும் சார்ஜர் எங்கே சொருகியிருக்கிறது என்று தேடுவேன். இப்போது சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கூட்ட அறையில் இந்தச் சத்தம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போய் சார்ஜரைப் பிடுங்குவேன். சத்தம் நிற்கும். யாராவது கை தட்டுவார்கள். அந்த ஒரு நொடி அமைதியில் எனக்கு எங்கள் ஊர் வாசலும் வாழைமரம் கட்டிய பந்தலும் அக்காவின் கல்யாணமும் வந்துவிட்டுப் போகும்.

ஊரடங்குக் காலத்துக் கல்யாணம் அது. எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் லாரியில் இருப்பார், இல்லையென்றால் ரிக் வண்டியில் இருப்பார். அப்பா ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டியோடு வடக்கே போனால் அங்கே மழை பிடிக்கும்போதுதான் வீடு திரும்புவார். அந்த வருடம் சத்தீஸ்கரில் மாட்டிக்கொண்டார். வண்டியை ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஆட்கள் எல்லாம் அதன் நிழலிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவருக்கு உடம்பு முடியவில்லை, அவர் கண்ணால் பார்க்கட்டும், தேதியைத் தள்ள வேண்டாம் என்றார்கள். மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. அதனால் எங்கள் வாசலிலேயே பந்தல் போடுவது என்று ஆயிற்று.

அப்பா போனில் சொன்னார்: "கல்யாணத்த நடத்துங்க. நான் இல்லாட்டி என்ன, போட்டோவுல பாத்துக்கறேன். ஆனா வந்தவங்கள வாங்கன்னு கேக்கோணுமே. அத யாரு கேக்கறது?"

இப்படி 'வாங்க' கேட்பது, அதாவது வரவேற்பது, வெளியூர்க்காரர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் விருந்தில் உப்பு குறைந்தால் மறந்துவிடுவார்கள், பாயசம் கிடைக்காமல் போனால்கூட சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். வாசலுக்கு வந்தவரை வீட்டுக்காரர் முகம் பார்த்து "வாங்க" என்று கேட்காமல் விட்டால் அது மட்டும் பிள்ளை பேரன் காலம் வரைக்கும் நிற்கும். ஏதோ ஒரு காதுகுத்தில், பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு மாமாவை அப்பா கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்த மாமா அடுத்த பல வருடங்களுக்கு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போனார், ஒரு நாளும் உள்ளே வரவில்லை.

"நான் பாத்துக்கறேங்ப்பா. லேப்டாப்புல உங்கள வரவெச்சு, ரேடியோ செட்டுல பேச வெச்சர்றேன். பந்தல்ல இருக்கறவங்க எல்லாத்துக்கும் கேக்கும்," என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

அப்போது நான் இன்ஜினியரிங் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு எல்லாம் வீட்டிலிருந்தே. கை சும்மா இருக்காது. மிக்சியைக் கழற்றி மாட்டியாயிற்று, டிவி ரிமோட்டைக் கழற்றி மாட்டாமல் விட்டாயிற்று. அக்கா தன் ஹேர் டிரையரை என் கண்ணில் படாமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அப்படியிருந்த எனக்கு ஒரு லேப்டாப்பை ரேடியோ செட்டோடு, அதாவது மைக் செட்டோடு, இணைப்பது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். வாசல் மட்டும் பொதுவில் நின்றது. மின் இணைப்பு, மீட்டர், எர்த்துக் குழி எல்லாம் தனித்தனி. எங்கள் எர்த்துக் குழி முருங்கை மரத்தடியில், சித்தப்பாவுடையது அவருடைய தறிக் கொட்டகைக்குப் பின்னால். பிரிந்த பிறகு வாசலில் முதல் விசேஷம் வந்தபோது, யார் வீட்டுக் கரண்ட் என்று ஒரு கேள்வி வந்தது. ஒருவர் வீட்டிலிருந்து மட்டும் எடுத்தால் மற்றவர் விருந்தாளி ஆகிப்போவார். அதனால் ரேடியோ செட்டுக்குச் சித்தப்பா வீட்டுக் கரண்ட், சீரியல் பல்புக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் எங்கள் வீட்டுக் கரண்ட் என்று வைத்துக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. அடுத்த விசேஷத்திலும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த நோம்பியிலும், அதாவது ஊர்த் திருவிழாவிலும், அப்படியே. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்த ஒரு வருடத்தில்கூட, மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் ஜன்னல் வழியாகப் பல்பு ஒயரும் அவர்கள் ஜன்னல் வழியாக ரேடியோ செட்டு ஒயரும் தன் தன் பாட்டுக்கு வாசலுக்கு வந்தன.

அம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரு குறை இருந்தது. அப்பா இல்லாததால், பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்துக் கொடுப்பதைச் சித்தப்பாவும் சித்தியும் செய்வதாக முடிவாகியிருந்தது. அம்மாதான் முதலில் சரி என்றவள். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி எடுத்துப் போட்டுத் தேய்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரேடியோ செட்டுக்கார அண்ணன் வந்து சாமான்களை இறக்கினார். குடும்பத்தில் ஒருவர் மாதிரி அவர். என் மொட்டை, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் பாட்டுப் போட்டவர். மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் வழக்கம்போல் சித்தப்பா வீட்டு ஜன்னலோரம் வைத்தார். நான் பந்தலுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். எந்நேரமும் சார்ஜில் போட்டபடியே வைத்திருந்து அதன் பேட்டரியின் உயிரை நானே எடுத்திருந்தேன். சார்ஜரைப் பிடுங்கினால் ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் தாங்கும். அதனால் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து அதில் சார்ஜரைச் சொருகினேன். லேப்டாப்பின் இயர்போன் துளையிலிருந்து மிக்சருக்கு இன்னொரு ஒயர். அண்ணன் மிக்சரில் குமிழைத் திருப்பினார்.

"ம்ம்ம்ம்ம்ம்."

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

அப்பாவை அழைத்தேன். திரையில் அவர் வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் அந்த இரைச்சலுக்குள் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஒன்று கேட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "என்ன கண்ணு, உங்கப்பன் அங்கயும் போரு ஓட்டிக்கிட்டா பேசறாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காதுமடல் சூடாகிவிட்டது.

நான் ஒயரை மாற்றினேன். சத்தத்தைக் குறைத்தேன், இரைச்சலோடு சேர்ந்து அப்பாவும் குறைந்தார். லேப்டாப்பின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பார்த்தேன், பந்தல் முழுக்க 'கீஈ' என்று ஒரு கூச்சல் எழுந்து, சித்தி ஜாடையிலேயே நிறுத்தச் சொன்னார். போனையே சொருகிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் போனின் இயர்போன் துளையை ஒரு நாள் குண்டூசி வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று நான் கெடுத்து வைத்திருந்தேன். லேப்டாப்புக்கு நெட் கொடுக்கத்தான் அது ஆகும். அம்மாவின் போன் பட்டன் போன். அக்காவுடையதைக் கேட்டால் ஹேர் டிரையர் பேச்சு வரும், தவிர அது ஒயரே சொருக முடியாத ரகம்.

"தறி ஓடறதால இருக்குங்க சித்தப்பா," என்றேன். எனக்குத் தெரிந்த மோட்டார்களிலேயே பெரியவை அவருடைய விசைத்தறி மோட்டார்கள்தாம். பல வாரம் நின்று கிடந்து அப்போதுதான் ஒன்றிரண்டை ஓட்ட ஆரம்பித்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். போய் நிறுத்திவிட்டு வந்தார். ஊரே அமைதியானது. அந்த அமைதியில் "ம்ம்ம்ம்" இன்னும் நன்றாகக் கேட்டது.

"இப்ப எதைய நிறுத்தோணும் அம்மிணி? கோழி கத்துது, அதையும் நிறுத்தீரலாமா?" என்றார் சித்தப்பா.

ரேடியோ செட்டுக்கார அண்ணன் கட்டிங் பிளேயரோடு வந்தார். "அந்த சார்ஜர் பின்னுல நடுவால பெருசா ஒண்ணு இருக்குது பாரு, எர்த்து பின்னு. அதைய ஒடச்சு உட்டா சத்தம் போயிரும். நாங்க எத்தன எடத்துல அப்பிடித்தான்."

"வேண்டாங்கண்ணா. தாரை வாக்கற எடம் பூராத் தண்ணியா இருக்கும். இரும்பு மைக்கு. எங்காச்சும் ஒழுகுச்சுன்னா மாப்பிள்ளைக்கு ஷாக்கு அடிச்சுரும்."

"கல்யாணத்தன்னைக்கே பழகிக்கட்டும்," என்றார் அவர், பிளேயரைப் பையில் போட்டபடி.

அவர் சொன்னதைச் செய்யவில்லை என்றாலும் 'எர்த்து' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ ஓட ஆரம்பித்தது. ஸ்டூலுக்குப் போய் சார்ஜரைப் பிடுங்கினேன்.

சத்தம் இல்லை. துடைத்து எடுத்த மாதிரி நின்றுவிட்டது. திரையில் அப்பா, "கேக்குதா கண்ணு?" என்றார். அது பந்தல் முழுக்கக் கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள்.

"கேக்குதுங்ப்பா. நல்லாக் கேக்குது."

"செரி. வெச்சர்றேன்."

அப்பா போனில் பேசுவது எப்போதுமே அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் மார்க் வாங்கினபோதுகூட வந்ததில்லை. படித்தது எல்லாம் ஒரே நொடியில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக லேப்டாப் எங்கள் முருங்கை மரத்தடி எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், தறிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் மண்தான் என்றாலும் இரண்டு குழிக்கும் நடுவில் மின்னழுத்தத்தில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். இத்தனை வருடமும் பல்பு ஒயர் தன் பாட்டுக்கு, ரேடியோ செட்டு ஒயர் தன் பாட்டுக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ள வேண்டிய வேலையே வந்ததில்லை. நான் இழுத்த பாட்டு ஒயர்தான் முதல் தடவையாக இரண்டு வீட்டையும் இணைத்திருக்கிறது. வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய ஒயர் வழியாக ஓடி, ஸ்பீக்கரில் முனகுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் யார் வீட்டையும் சேராது, அதனால் சத்தம் இல்லை.

இதற்கென்று நடுவில் வைக்கிற ஒரு சின்னக் கருவி உண்டு என்பதும் தெரியும். கடைகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே ஒரே வழி, லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே வீட்டுக் கரண்ட்டில், ஒரே பலகையில் இருக்க வேண்டும்.

முதலில் அம்மாவிடம் போனேன். சார்ஜரை மட்டும் சித்தப்பா வீட்டு ஜன்னல் பலகையில் சொருகிக்கொள்கிறேன் என்றேன்.

அம்மா வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தாரை வாக்கறதும் அவங்க. மைக்கு செட்டும் அவங்க. உங்கப்பன் பேச்சாவது நம்மூட்டுக் கரண்ட்டுல வரட்டும்."

"அம்மா, கரண்ட்டுக்கு எந்த ஊடுன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியுமல்ல."

சரி என்று சித்தப்பாவிடம் போனேன். ஆம்ப்ளிஃபயரை எங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று எவ்வளவு பக்குவமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பக்குவமாகக் கேட்டேன்.

"தறிய நிறுத்துன்னே, நிறுத்துனேன்," என்றார். "இப்பக் கரண்ட்டே வேண்டாங்கறயா? ரேடியோ செட்டு என்ற பங்கு அம்மிணி. அண்ணன் இல்லாத நேரத்துல நான் கைய உதறீட்டு நின்னன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

இரண்டு பேர் மேலும் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா பேசப்போவது "எல்லாரும் வாங்க, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று ஒரு வரி. மிஞ்சிப்போனால் இரண்டு வரி. பேட்டரி ஒரு காப்பி நேரம் தாங்கும். அப்பா வாயைத் திறக்கும்போது சார்ஜரைப் பிடுங்குவது, முடித்ததும் சொருகுவது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியும்போதே கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் என்றால் அந்தக் காலத்துக்கு ஏற்ற அளவான கூட்டம். முகத்தை மூடிக்கொண்டு, தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில், யார் யார் என்று கண்ணை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். எங்கள் சொந்தம் ஒரு பக்கம். முன்வரிசையில் தாய்மாமன், அம்மாவின் அண்ணன், சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால், எல்லோரும் உட்கார்ந்ததும் அப்பா பேசுவதாக ஏற்பாடு.

அழைத்தேன். எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பங்க் ஓரத்தில் வெள்ளைச் சட்டையை எங்கே தேய்த்தார் என்று தெரியவில்லை, மடிப்பு நின்றது. பின்னால் ரிக் வண்டி. அதற்கும் யாரோ ஒரு பூமாலை போட்டிருந்தார்கள். கூட இருந்த ஆட்கள் தலை சீவிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

சார்ஜரைப் பிடுங்கினேன். அண்ணனுக்குக் கை காட்டினேன். அவர் குமிழைத் திருப்பினார்.

"எல்லாத்துக்கும் கும்புடுங்க," என்றது பந்தல். அவ்வளவு தெளிவு. அக்கா உள்ளறையில் பூ வைத்துக்கொண்டிருந்தவள் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "நான் நேர்ல வந்து கேக்கோணும். முடியல. கோவிச்சுக்காதீங்க."

முடிந்தது என்று சார்ஜரைக் கையில் எடுத்தேன்.

"சம்பந்தி, வாங்க," என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா திடுக்கிட்டு எழுந்து, ஸ்பீக்கரைப் பார்த்துக் கும்பிட்டு, "வந்தமுங்க," என்றார்.

"சம்பந்தியம்மா, வாங்க. மாப்பிள்ளைக்கு மாமா வந்திருக்காருங்களா? வாங்க மாமா. அத்தை, வாங்க. மேக்காலூட்டு மாமா, வாங்க. முட்டி வலி எப்பிடி இருக்குதுங்க?"

"பரவால்லீங்க மாப்ள," என்று மேற்கு வீட்டு மாமா கூம்பு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். "எறங்கறப்பத்தான் வலிக்குது."

சார்ஜர் என் கையிலேயே நின்றுவிட்டது. போனில் ஒரு வரிக்கு மேல் பேசாத மனிதர், முகம் முகமாகக் கேட்கப் போகிறார். பங்க் ஓரத்தில் படுத்துக்கொண்டு அத்தனை பேரையும் மனசுக்குள் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்திருப்பார் போல. பெயர் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். பதில் சொன்னார்கள். காதுகுத்தில் விடுபட்டுப்போன அந்த மாமாவும் வந்திருந்தார், பந்தலுக்குள் வராமல் வேலியோரம் நின்றார். "மாமா, வேலிகிட்ட நின்னீங்கன்னா உள்ள வாங்க," என்றது ஸ்பீக்கர். எப்படித் தெரிந்ததோ. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

திரையின் மூலையில் பேட்டரி சிவப்பாகிவிட்டது.

காத்திருந்து பார்த்தேன். லேப்டாப் 'டிங்' என்றது. அணைந்தால் மறுபடி உயிர் கொடுத்து, நெட் பிடித்து, அழைப்பதற்குள் முகூர்த்தம் போய்விடும். வேறு வழியில்லை. சார்ஜரைச் சொருகினேன்.

"ம்ம்ம்ம்ம்ம்."

அப்பாவுக்கு அது தெரியாது. திரையில் கையைக் கூப்பி, சிரித்து, ஏதோ சொன்னார். முன்வரிசையில் தாய்மாமன் அரைகுறையாக எழுந்தார். "என்னங் கண்ணு சொல்றாரு மாப்ள? என்னையவா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் கேட்கவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். கேட்டது தன்னைத்தானா, பக்கத்தில் இருப்பவரையா என்று தெரியாமல், எழுந்தபடியும் இல்லாமல் உட்கார்ந்தபடியும் இல்லாமல் நின்றார். சீர் கொண்டுவந்த தன் அண்ணன் அப்படி நிற்பதை அம்மா பார்த்தாள்.

"அப்பா, ஒரு நிமிசம், இருங்க," என்று லேப்டாப்பிடம் கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணவில்லை.

எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்தாள். ஒயரைப் பலகையிலிருந்து பிடுங்கினாள், முனகல் நின்றது. பட்டுச் சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அந்த நீள ஒயரைக் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தபடி, பந்தலுக்கு நடுவாக, அத்தனை பேர் பார்க்க, மணமேடைக்கு முன்னால் கடந்து சித்தப்பா வீட்டு ஜன்னலுக்குப் போனாள். நான் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டேன். ஜன்னலுக்கு உள்ளே சித்தி நின்றிருந்தார்.

"இதையச் சொருகு," என்று பின்னை நீட்டினாள் அம்மா.

சித்தி வாங்கிச் சொருகினார். ஒரே பலகை, ரேடியோ செட்டின் பின்னுக்குப் பக்கத்திலேயே. முனகல் திரும்பி வரவில்லை. காதை வைத்துக் கேட்டால் கொசு அளவுக்கு ஏதோ இருந்தது. சிவப்பு பேட்டரி மேல் மின்னல் குறி விழுந்தது.

"இப்பக் கேளுங்ப்பா. மாமாவ மறுபடியும் கேளுங்க."

"மச்சான், வாங்க," என்றார் அப்பா.

"வந்தன் மாப்ள," என்று தாய்மாமன் முழுசாக எழுந்து நின்று சொன்னார்.

அம்மா ஜன்னலோரத்திலேயே நின்றுகொண்டாள். அப்பா இன்னும் நாலைந்து பேரைக் கேட்டார், பந்தல்காரரை, சமையல்காரரை, ரேடியோ செட்டுக்கார அண்ணனை. "என்னையும் கேட்டாருப்பா," என்று அண்ணன் மைக்கிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பா மணமேடைக்குப் பக்கத்தில் சொம்போடு நின்றிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் கொஞ்சம் நிமிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவரை அப்பா வாங்க என்று கேட்கவேயில்லை.

"தம்பி," என்றார் கடைசியாக. "நேரமாகுது பாரு. புள்ளையத் தாரை வாத்துக் குடுத்துரு. பந்தியில நீ நின்னு பாத்துக்க."

"செரிங்கண்ணா," என்றார் சித்தப்பா. வீட்டுக்காரரை யாரும் வாங்க என்று கேட்பதில்லை. அவர் அவசரமாகச் சொம்பைச் சித்தியிடம் கொடுக்கத் திரும்பினார், சித்தி இன்னும் ஜன்னலுக்குள் இருந்தார். "நங்கையா, அவள வரச் சொல்லுங்க," என்று அம்மாவிடம் சொன்னார். அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அம்மாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தாரை வார்த்தபோது நான் லேப்டாப்பின் மைக்கை முழுக்க ஏற்றிவிட்டேன். சொம்புத் தண்ணீர் தட்டில் விழுகிற சத்தம் சத்தீஸ்கர் வரைக்கும் போயிற்று. திரையில் அப்பா வண்டியின் டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஒயர்களைச் சுருட்டும்போது அம்மாவிடம், "என்னம்மா, அவங்கூட்டுக் கரண்ட்டு?" என்று சீண்டினேன்.

"சார்ஜருக்கு மட்டுந்தான்," என்றாள். "பல்பெல்லாம் நம்மூட்டுதுதான எரிஞ்சுது?"

அப்பா மழைக்குத்தான் வந்தார். வந்தவர் அந்தக் கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தார். இப்போது ரிக்கை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். கல்யாணங்கள் எல்லாம் மறுபடி மண்டபத்துக்குப் போய்விட்டன. ஜெனரேட்டர், ஏ.சி., பெரிய திரை. யார் வீட்டுக் கரண்ட் என்று கேட்கிற பேச்சே அங்கே இல்லை.

போன மாதம் சேலத்தில் அந்தக் கருவியை வாங்கினேன். ஒயருக்கு நடுவில் வைக்கிறது. கட்டைவிரல் நீளம், உள்ளே சின்னச் சுருள்கள். இரண்டு எர்த்தும் தொட்டுக்கொள்ளாமல் பாட்டு மட்டும் தாண்டிப் போகும். ஊருக்குப் போனபோது காட்டினேன். அப்பா உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத மட்டும் அன்னைக்கு வெச்சிருந்தா?"

"சத்தமே வந்திருக்காதுங்ப்பா. அவங்கவங்க கரண்ட்டு அவங்கவங்க ஊட்டுலயே இருந்திருக்கும்."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அது அன்னைக்கே இருந்திருந்தா," என்றாள், "நா எதுக்கு எந்திரிச்சு அவங்கூட்டு ஜன்னலுக்குப் போறேன்?"